இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனி இணைத்துக்கொண்ட பகுதிகளால் அதன் இராணுவ மாவட்டங்களின் எல்லைகள் எப்படி மாறின?

நேரடியான பதில்: பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்தபோது புது மாவட்டம் உருவாக்கினார்கள். சின்னச் சின்னத் துண்டுகளைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் இதை வெறும் வரைபட விஷயமாகப் பார்த்தால் முக்கியமானது தப்பிவிடும் என்பது என் கருத்து.

வேர்க்ரைஸ் என்ற அந்த இராணுவ மாவட்டத்தின் வேலையே ஆள் சேர்ப்பதுதான். தன் எல்லைக்குள் இருக்கும் இளைஞர்களை அழைத்து, பயிற்சி கொடுத்து, போர்முனையில் இருக்கும் தன் டிவிஷன்களில் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகளில்) விழும் இழப்பை அது ஈடுகட்டும். ஸ்டுட்கார்ட் மாவட்டம் திரட்டிய டிவிஷனில் ஆள் குறைந்தால், பெரும்பாலும் அதே மாவட்டத்துப் பையன்கள்தான் போய்ச் சேர்வார்கள். ஆகவே எல்லைக்கோடு நகர்ந்தால், யார் வீட்டுக்கு இராணுவ அழைப்பு வரும் என்பதும் மாறும்.

1937 முடிவில் 13 மாவட்டங்கள் இருந்தன. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா இணைக்கப்பட்டதும் வியன்னாவில் 17ஆம் மாவட்டமும் சால்ஸ்பர்க்கில் 18ஆம் மாவட்டமும் வந்தன. 14, 15, 16 எங்கே போயின என்று பலர் குழம்புவதுண்டு. அந்த எண்களைச் சொந்த நிலப்பகுதி இல்லாத மோட்டார், கவசப் படைக் கோர்களுக்கு (சில டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படைகளுக்கு) ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். 19ஆம் எண்ணும் அப்படித்தான் போனது. வரைபடத்தில் எண்கள் தாவித் தாவி வருவதற்குக் காரணம் இதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில் கிடைத்த சுடேட்டன்லாந்துக்குத் தனி மாவட்டம் கிடையாது. செக் நாட்டின் ஓரத்தைச் சுற்றி வளைந்து கிடந்த நிலம் அது. எனவே வடக்குப் பகுதி டிரெஸ்டன் மாவட்டத்துக்கும், மேற்கே ஏகர் பக்கம் நியூரம்பெர்க்குக்கும், கிழக்கே டிரோப்பாவ் பக்கம் பிரெஸ்லாவுக்கும், தெற்கு மொராவியா வியன்னாவுக்கும் போயின. 1939 மார்ச்சில் லிதுவேனியாவிடமிருந்து பெற்ற மேமல், கோனிக்ஸ்பெர்க் மாவட்டத்தோடு சேர்ந்தது.

போலந்தில் இரண்டு வழியும் நடந்தது. டான்சிக்கை மையமாக வைத்து 20ஆம் மாவட்டம், போசனில் 21ஆம் மாவட்டம். கட்டோவிட்ஸ் பகுதி பிரெஸ்லாவுக்கும், சீஷெனாவ் பகுதி கோனிக்ஸ்பெர்க்குக்கும் போயின. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: வியன்னா மாவட்டம் கிடைத்தவுடனேயே டிவிஷன்களைத் தந்தது. போசன் மாவட்டத்திலோ மக்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். நாஜி அரசு அவர்களைக் குடிமக்களாகவே ஏற்கவில்லை. நிலத்தையும் பயிற்சி மைதானங்களையும் எடுத்துக்கொண்டது, மக்களை விரட்டியது. பின்னர் 1941 மார்ச்சில் வந்த ‘ஜெர்மன் மக்கள் பட்டியல்’ (ஜெர்மானியராக ஏற்கத்தக்கவர்களின் பதிவு) ஆணைக்குப் பிறகு, அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்ட ஏராளமானோர் படையில் சேர்க்கப்பட்டார்கள். மேல் சிலேசியாவிலும் டான்சிக் பக்கமும் வற்புறுத்தலால் அதில் கையெழுத்திட்டவர்கள் நிறைய.

செக் நிலமான பொஹீமியா-மொராவியா, போலந்தில் ஜெர்மனி ஆக்கிரமித்தும் நேரடியாக இணைக்காத பொதுநிர்வாகப் பகுதி ஆகிய இரண்டுக்கும் பின்னாளில் மாவட்டங்கள் வந்தாலும், அவற்றுக்கு எண் இல்லை, பெயர் மட்டும்தான். செக் மக்களை ஜெர்மன் தரைப்படைக்குக் கட்டாயமாக அழைக்கவும் இல்லை.

என்னை மிகவும் உலுக்குவது மேற்குப் பக்கம். 1940இல் பெல்ஜியத்தின் ஊப்பன்-மால்மெடி முறைப்படி இணைக்கப்பட்டு மூன்ஸ்டர் மாவட்டத்துக்குப் போனது. பிரான்சின் அல்சாஸ், லொரேன் விஷயம் வேறு. 1940 ஜூனில் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தில் அவற்றை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரிகூட இல்லை. இணைப்புச் சட்டம் எதையும் ஜெர்மனி அறிவிக்கவில்லை. ஆனாலும் அல்சாஸ் ஸ்டுட்கார்ட் மாவட்டத்தின் கீழும், லொரேனும் லக்சம்பர்க்கும் வீஸ்பாடன் மாவட்டத்தின் கீழும் வந்தன. அல்சாஸும் லொரேனும் சட்டப்படி பிரெஞ்சு மண். ஆள்சேர்ப்புக் கணக்கில் ஜெர்மன் மாவட்டம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதன் விலை தெரிந்தது. 1942 ஆகஸ்ட் 19 அன்று லொரேனிலும், 25 அன்று அல்சாஸிலும், 30 அன்று லக்சம்பர்க்கிலும் கட்டாய இராணுவச் சேவை அறிவிக்கப்பட்டது. அல்சாஸிலிருந்து ஏறத்தாழ 1,00,000 பேரும் லொரேனின் மோசெல் பகுதியிலிருந்து 30,000 பேரும் இழுத்துச் செல்லப்பட்டார்கள். பெரும்பாலோரை அனுப்பியது கிழக்கு முனைக்கு. தப்பி ஓடினால் குடும்பத்தையே நாடுகடத்தினார்கள். சோவியத் படையிடம் பிடிபட்டால், ஜெர்மன் சீருடையில் இருந்ததால் ரஷ்யாவின் தம்பொவ் முகாமில் ஜெர்மன் கைதிகளைப்போல அடைபட்டார்கள். நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று அவர்கள் சொன்னதை நம்பவைப்பதே பெரும் பாடாக இருந்தது. லக்சம்பர்க்கில் அறிவிப்பு வந்த மறுநாளே வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காக 21 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

தெற்கே 1941இல் யூகோஸ்லாவியாவிடமிருந்து பறித்த கீழ் ஸ்டீரியாவும் மேல் கார்னியோலாவும் சால்ஸ்பர்க் மாவட்டத்தில் சேர்ந்தன. அங்கிருந்த ஸ்லோவேனிய இளைஞர்களுக்கும் அழைப்பு போனது.

நீங்கள் வரைபடத்தை வைத்துப் படிப்பவர் என்றால், 1938, 1940, 1943 ஆகிய மூன்று ஆண்டுகளுடைய வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாஜிக் கட்சியின் நிர்வாகப் பிரிவான கௌ எல்லைகளோடு இதைக் கலந்துவிட வேண்டாம். இரண்டும் பல இடங்களில் பொருந்தாது. போர் தொடங்கியபோது ரைக் பாதுகாப்பு ஆணையர்களை (உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனித்த அதிகாரிகளை) இராணுவ மாவட்டம் வாரியாக நியமித்தார்கள். அதில் ஏற்பட்ட இழுபறியால் 1942 நவம்பரில் ஒவ்வொரு கௌவுக்கும் ஓர் ஆணையர் என்று மாற்ற வேண்டிவந்தது. அதனால் 1942க்குப் பிந்தைய ஆவணங்களில் ‘மாவட்டம்’ என்று கண்டால், அது எந்த எல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.