இணைய ஏல நிறுவனப் பங்குகளை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இணைய ஏல நிறுவனங்களுக்குச் சரக்கும் வேண்டாம், கிடங்கும் வேண்டாம், வளர்ச்சி மட்டுமே இருக்கும் என்கிறார்கள். அந்தப் பங்குகளில் சேமிப்பைப் போடலாமா?

பதில்: தொழில் நல்ல தொழில்தான். விற்பவர் கூடும் இடத்துக்கே வாங்குபவர் வருவார், வாங்குபவர் நிறைந்த இடத்தை விட்டு விற்பவர் நகரமாட்டார் என்பதால், முதலில் காலூன்றிய நிறுவனத்தை அசைப்பது எளிதல்ல. 1998 செப்டம்பரில் அமெரிக்க இணைய ஏல நிறுவனமான ஈபே 18 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளிலேயே 47 டாலரைத் தாண்டியதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம்.

ஆனால் நீங்கள் கொடுக்கும் விலையில் இனி வரப்போகும் எத்தனை ஆண்டு வளர்ச்சி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 2005 ஜனவரியில் ஈபே வெளியிட்ட காலாண்டுக் கணக்கில் வருவாய் 40 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. இருந்தும், பங்கு ஒன்றுக்கு 34 சென்ட் லாபம் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 33 சென்ட் வந்ததாலும், 2005-ஆம் ஆண்டுக்கான கணிப்பு சற்றுத் தாழ்ந்திருந்ததாலும், மறுநாளே பங்கு விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. நிறுவனம் நொடிக்கவில்லை, நஷ்டமும் அடையவில்லை. உச்ச விலையில் வாங்கியவர்கள்தான் அடிபட்டார்கள்.

ஆகவே, ஆண்டறிக்கையில் வருவாயை மட்டும் பார்க்காமல், தளத்தில் கைமாறிய பொருள்களின் மொத்த மதிப்பையும் அதில் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் விகிதத்தையும் தனித்தனியே பாருங்கள். மொத்த மதிப்பு தேங்கி நிற்க, கட்டண உயர்வால் மட்டும் வருவாய் ஏறினால் அந்த வளர்ச்சி நீடிக்காது. அதே 2005-ன் தொடக்கத்தில் ஈபே, தன் தளத்தில் கடை நடத்துவோரின் அடிப்படை மாதக் கட்டணத்தை 9.95 டாலரிலிருந்து 15.95 டாலராக உயர்த்தியபோது சிறு விற்பனையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். விற்பவரைப் பிழிந்து காட்டும் லாபத்தை நான் வளர்ச்சியாகக் கருதுவதில்லை.

ஒரு நாட்டில் பெற்ற வெற்றி இன்னொரு நாட்டிலும் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதும் தவறு. ஜப்பானில் யாகூ 1999-லேயே ஏலத்தைத் தொடங்கிவிட்டதால், பின்னால் வந்த ஈபே 2002-ல் வெளியேற நேர்ந்தது. சீனாவில் கட்டணமே வாங்காத தாவோபாவ் என்ற உள்நாட்டு இணையச் சந்தை ஈபேயை முந்தியது.

கேள்வி: இத்தகைய நிறுவனம் பிற நிறுவனங்களை வாங்கிச் சேர்த்தால் பங்குக்கு நல்லதுதானே?

பதில்: வாங்கியது ஏலத்துக்கு உதவுகிறதா என்பதைப் பொறுத்தது. முகம் தெரியாத இருவருக்கிடையே பணம் கைமாறும் சிக்கலைத் தீர்த்ததால், 2002-ல் சுமார் 150 கோடி டாலர் மதிப்பில் வாங்கிய பேபால் என்ற இணையவழிப் பணம் செலுத்தும் சேவை ஈபேக்குப் பெரும் பலமாயிற்று. 2005-ல் சுமார் 260 கோடி டாலருக்கு வாங்கிய, இணையவழிப் பேச்சுச் சேவையான ஸ்கைப்புக்கு அப்படியொரு வேலை அங்கே இல்லை. இரண்டே ஆண்டுகளில் அதன் பேரில் சுமார் 140 கோடி டாலரைச் செலவாகக் கணக்கெழுத வேண்டியதாயிற்று.