தீவுச் சுற்றுலாவின் கடைசி நாளை எப்படிக் கழிப்பது?

அந்தமானுக்கு ஐந்து நாள் போகிறோம், கடைசி நாள் காலை ஹேவ்லாக் தீவில் கடல் குளியல், மதியம் கப்பல், மாலை விமானம் என்று போட்டிருக்கிறோம், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. போன டிசம்பரில் நானும் இதேபோலத்தான் போட்டிருந்தேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி வீட்டு அக்காவின் தம்பி, விமான நிலையம் இருக்கிற போர்ட் பிளேரில் வேலை பார்த்தவர். அக்கா என் தாளைப் பார்த்துவிட்டு, "காத்து அடிச்சா கப்பலை நிறுத்திடுவாங்க தம்பி, ஃப்ளைட் உனக்காக நிக்குமா? முதல் நாளே போர்ட் பிளேருக்கு வந்து படுத்துடு" என்றார். வேகக் கப்பலில் போனாலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம் அது. மாற்றிவிட்டேன். (ஹேவ்லாக்குக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்றும் போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பயப்படாதீர்கள், ஒரே ஊர்தான்.)

ஆக, விமானம் ஏறும் நாளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதற்கு முந்தைய நாள்தான் உங்களுக்குக் கடைசி நாள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. என் மச்சான் இரண்டு நாளாக, முதுகில் காற்றுக் கலனோடு கடலுக்கடியில் போகும் ஸ்கூபா டைவிங் போய் ருசி கண்டுவிட்டான். ஹேவ்லாக்கை விட்டுக் கிளம்பும் அன்று பதினொரு மணிக்கு இன்னொரு முறை இறங்குகிறேன் என்று நின்றான். சொல்லிக்கொடுப்பவர் கேட்ட முதல் கேள்வியே "நாளைக்கு ஃப்ளைட் எத்தனை மணிக்கு?" என்பதுதான். காலை ஒன்பது என்றதும் முடியாது என்றுவிட்டார். ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடும், மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் உள்ளே காற்றழுத்தம் குறைவு, கரைந்தது குமிழாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி முடக்கிப்போடும் அளவுக்கும் போகலாம். தொடர்ந்து பல நாள் இறங்கியவர்களுக்குக் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி என்பது பொதுவான கணக்கு. அந்த மனிதர் 24 என்று வைத்திருந்தார். மச்சான் கப்பலில் ஏறும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மேலாக மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்னார்க்கலிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

அன்று மாலை போர்ட் பிளேரில், வெள்ளைக்காரன் விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்த செல்லுலார் சிறைக்குப் போனோம். ஏழு சிறகுகளில் இப்போது மூன்றுதான் நிற்கின்றன. ஒரு சிறகின் அறைகளிலிருந்து பார்த்தால் அடுத்த சிறகின் முதுகுதான் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, நேரில் பாருங்கள். ஆனால் சீக்கிரம் போங்கள். டிசம்பரில் அங்கே ஐந்து மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடுகிறது. பெங்களூருவுக்குக் கிழக்கே 15 பாகை தள்ளியிருக்கிற ஊர், கடிகாரம் மட்டும் நம்முடையது.

இரவு லாட்ஜில் ஒரு கூத்து. விளக்கை அணைத்தபின் கரகரவென்று சத்தம். எலி என்று மனைவி கட்டிலில் ஏறி நின்றுவிட்டாள். தேடினால் சத்தம் பையனின் பென்சில் டப்பாவிலிருந்து வருகிறது. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் எங்களுக்குத் தெரியாமல் ஏழெட்டுச் சங்கு பொறுக்கி வைத்திருக்கிறான். அதில் ஒன்றுக்குள் நண்டு. காலிச் சங்கில் குடியேறி, வளர வளர வீடு மாற்றுகிற ஜாதி. நாம் சங்கை அள்ளி வந்தால் அவற்றுக்கு மாற்று வீடு கிடைக்காது. அது போகட்டும், பவளத் துண்டும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விமான நிலையச் சோதனையில் மாட்டினால் அசிங்கம்.

ஐந்தேகாலுக்கெல்லாம் வெளுத்துவிட்டது. ஆட்டோ பிடித்துக் கடலோரம் போனோம். ஓட்டியவர் தமிழர், அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். பையன் நண்டை வெட்டவெளியில் வைக்கப் போனான். "தம்பி, செடி நிழல்ல விடுப்பா, காக்கா கொத்திட்டுப் போயிரும்" என்று அவரே வாங்கி விட்டுக் காட்டினார். நண்டு ஐந்து நிமிடம் அசையவில்லை. எனக்கு விமானக் கவலை. பையன் நகர மாட்டேன் என்றான். அப்புறம் ஒருவழியாகக் காலை நீட்டிச் செடிக்குள் போயிற்று. என் ஐந்து நாள் படங்களில் கடலை விட அந்த நண்டுதான் அதிகம்.

மதியமே வீடு வந்துவிட்டோம். ஹெப்பாள் நெரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொடுத்தனுப்பியிருந்தார். தின்றுவிட்டுத் தூங்கி எழுந்து, பையனோடு அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தேன். மணி ஐந்தரை, ஏரி மேல் நல்ல வெயில்.

"அப்பா, அங்க இந்நேரம் இருட்டிருக்கும்ல? அது தூங்கியிருக்குமா?" என்றான்.

இருட்டிய பிறகுதான் அது இரை தேடக் கிளம்பும் என்றேன்.