ஒரே வீட்டில் ஒருவரை மட்டும் வைரஸ் சாய்ப்பது ஏன்? ஜீன் பரிசோதனை தேவையா?

கேள்வி: 2021 மே மாதம், இரண்டாவது அலையில், எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் கொரோனா வந்தது. மாமியாருக்கு அப்போது 66 வயது, சர்க்கரையும் உண்டு. மார்ச் மாதமே ஓர் ஊசி போட்டிருந்தார். நாலு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார். எனக்கும் பிள்ளைகளுக்கும் சளியோடு போய்விட்டது. 39 வயதான என் கணவருக்குச் சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. அவர்தான் வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்து வந்தார். கோவையில் தனியாகக் குடியிருந்த என் கொழுந்தனார், 34 வயது, அதே மாதம் இறந்துபோனார். "அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே ஏதோ கோளாறு" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். "என் வயிற்றில் பிறந்ததால்தான்" என்று மாமியார் இன்னமும் அழுகிறார். நாத்தனாருக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான், அவர்களுக்கும் பயம். என் மகனுக்கு இப்போது 12 வயது, மகளுக்கு 9. எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று, பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. எச்சிலை அனுப்பினால் ஜீனைப் பார்த்து எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று சொல்லும் பரிசோதனை விளம்பரம் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிள்ளைகளுக்கு அந்த எச்சில் பரிசோதனை வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. இளவயதில், வேறு நோய் இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகள், தனித்தனி வீடுகளில் இருந்தும் ஒரே வைரஸால் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள் என்றால், அதை விசாரிக்கத்தான் வேண்டும். அந்த விசாரணை உங்கள் கணவரிடமிருந்து தொடங்க வேண்டும், பிள்ளைகளிடமிருந்து அல்ல.

தொற்றுநோயைத் தாங்கும் சக்தியில் பரம்பரைக்குப் பங்கு உண்டா என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்ற தாயோ தகப்பனோ 50 வயதுக்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றுநோயால் சீக்கிரம் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. வளர்த்த பெற்றோர் தொற்றுநோயால் இறந்திருந்தால் அப்படி எந்தக் கூடுதலும் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு என்பதையெல்லாம் தாண்டி, பெற்றவர்களிடமிருந்து வரும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் ஜீனுக்குப் போவதற்கு முன்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். மாமியார் மார்ச்சிலேயே ஊசி போட்டிருந்தார். 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு நம் நாட்டில் ஊசி திறந்துவிடப்பட்டதே 2021 மே 1ஆம் தேதிதான், அதுவும் தட்டுப்பாட்டோடு. உங்கள் கணவரும் கொழுந்தனாரும் ஊசி இல்லாமல் டெல்டா வைரஸை எதிர்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதே மாதங்களில் தமிழ்நாடு காவல்துறையினரிடம் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஒரு டோஸ் போட்டவர்களுக்குக் கொரோனாவால் மரணம் வராமல் தடுக்கும் பலன் 82 சதவீதம், இரண்டு டோஸுக்கு 95 சதவீதம் என்று வந்தது. வயதும் சர்க்கரையும் இருந்த மாமியார் தப்பியதற்கு அந்த ஓர் ஊசி பெரிய காரணமாக இருந்திருக்கலாம். அவர் தப்பியதையும் மகன்கள் பாதிக்கப்பட்டதையும் பக்கத்தில் வைத்து "ஜீன்தான்" என்று முடிவு கட்டிவிட முடியாது.

சரி, ஜீனுக்கு வருவோம். இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகை, நிறையப் பேரிடம் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள். கொரோனாவில் இதற்குப் பேர்போன உதாரணம் ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் மூன்றாவதில் இருக்கிறது. அங்கே ஒரு பகுதி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால் என்ற, இப்போது அழிந்துபோன மனித இனத்தோடு நம் முன்னோர் கலந்ததால் நமக்கு வந்தது என்று 2020இல் ஸ்வாந்தே பாபோ, ஹியூகோ ஸீபெர்க் என்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். ஐரோப்பியர்களில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது, தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது. இதை வைத்திருப்பவருக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 35 வயதிலிருந்து 75 வயதுக்குப் போகும்போது ஆபத்து பல பத்து மடங்கு ஏறுகிறது. அதன் பக்கத்தில் இந்த இரண்டு மடங்கு சிறியதுதான். உங்கள் கணவரிடம் இது இருக்கலாம், உங்களிடமும் இருக்கலாம், எழுதிக்கொண்டிருக்கும் என்னிடமும் இருக்கலாம். இதே பகுதியை வைத்திருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு குறைகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. அதனால் இதைக் கெட்ட ஜீன் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இதே வகையில்தான் ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்.எல்.ஏ. ஜீன்களும் வருகின்றன. வைரஸ் நுழைந்த செல், அந்த வைரஸின் துண்டுகளை வெளியே எடுத்துக் காட்டும். அதைப் பார்த்துத்தான் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அந்தச் செல்லை அழிக்கின்றன. எந்தத் துண்டு நன்றாகக் காட்டப்படும் என்பதை எச்.எல்.ஏ. தீர்மானிக்கிறது. இது ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுபடுவது மனித குலத்துக்கு நல்லது, ஏனென்றால் ஒரே வைரஸ் எல்லோரையும் ஏமாற்ற முடியாது. எச்.எல்.ஏ. பி57 என்ற வகை உள்ளவர்களில் பலர், மருந்து இல்லாமலேயே எச்.ஐ.வி.யை நீண்ட காலம் அடக்கி வைத்திருக்கிறார்கள். பி15:01 என்ற வகையை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் கொரோனா தொற்றியும் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு எட்டு மடங்குக்கு மேல் என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. பழைய சாதாரண சளிக் கொரோனா வைரஸ்களைப் பார்த்துப் பழகிய அவர்களுடைய டி செல்கள் புதியதையும் அடையாளம் கண்டுகொண்டன.

உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை நான் கவனிக்க விரும்புவது இரண்டாவது வகையைத்தான். இது மிக அரிது, ஆனால் இருந்தால் ஒற்றை ஜீனே பெரிய சேதம் செய்யும். வைரஸ் நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியிடும். ராத்திரியில் திருடன் புகுந்த வீட்டிலிருந்து எழும் கூச்சல் மாதிரி அது. பக்கத்துச் செல்கள் எல்லாம் உஷாராகிக் கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த முதல் ஓரிரு நாள் தாமதமானால் வைரஸ் நுரையீரல் முழுக்கப் பெருகிவிடுகிறது. பிறகு வரும் எதிர்ப்புச் செல்களின் படை வைரஸோடு சேர்த்து நுரையீரலையும் புண்ணாக்கிவிடுகிறது.

வைரஸ் வந்திருப்பதைக் கண்டுபிடித்து இன்டர்ஃபெரானைக் கிளப்பும் உணர்விகளில் ஒன்று டி.எல்.ஆர்.7. 2020இல் நெதர்லாந்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குடும்பங்களில், இரண்டிரண்டு அண்ணன் தம்பிகள் கொரோனாவால் ஐ.சி.யூ.வுக்கு வந்தார்கள். வயது 21 முதல் 32 வரை. நால்வருக்கும் வென்டிலேட்டர் தேவைப்பட்டது, ஒருவர் இறந்துவிட்டார். நால்வரிடமும் டி.எல்.ஆர்.7 ஜீன் பழுதாகியிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் குடும்பங்கள்தான். அடுத்த ஆண்டு வந்த பெரிய ஆய்வில், கொரோனா நிமோனியாவால் உயிராபத்தான நிலைக்குப் போன 60 வயதுக்குட்பட்ட ஆண்களில் 1.8 சதவீதம் பேரிடம் இந்தப் பழுது இருந்தது. அதாவது அப்படிப்பட்ட ஆண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரிடம் இது இல்லை. உங்கள் கணவரிடம் இல்லாமலே போகலாம். அண்ணன் தம்பி இருவரும் பாதிக்கப்பட்டிருப்பதால் பார்ப்பது நியாயம், அவ்வளவுதான்.

டி.எல்.ஆர்.7 இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. உங்கள் கணவரிடம் இந்தப் பழுது இருந்தாலும் உங்கள் மகனுக்கு அது போயிருக்க முடியாது. அவன் அப்பாவிடமிருந்து வாங்கியது ஒய் குரோமோசோம். மகளுக்கு அப்பாவின் எக்ஸ் கட்டாயம் வந்திருக்கும். ஆனால் உங்களிடமிருந்து வந்த இன்னொரு எக்ஸ் இருப்பதால் அவள் பொதுவாகப் பாதிக்கப்பட மாட்டாள். பிற்காலத்தில் அவளுக்குப் பிறக்கும் மகன்களுக்கு இது போக 50 சதவீதம் வாய்ப்பு உண்டு, அதைப் பேச இன்னும் பல வருடம் இருக்கிறது. உடனடியாகக் கவனிக்க வேண்டியவன் உங்கள் மகன் அல்ல, நாத்தனாரின் மகன். கணவரிடம் பழுது உறுதியானால் நாத்தனாரையும் அந்தப் பையனையும் பரிசோதிக்க வேண்டும். அதுவரை அவர்கள் பயந்துகொண்டிருக்க அவசியமில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாமனாரும் மாமியாரும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? இன்டர்ஃபெரான் பாதையில் வேறு சில ஜீன்கள், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோய் தரும். அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. நீங்களும் உங்கள் கணவருக்கு முறைப்பெண் என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வகைக் குறை இருக்கும் குழந்தைகளுக்குத் தட்டம்மை அடங்கிய எம்.எம்.ஆர். போன்ற, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளே ஆபத்தாகலாம். உங்கள் பிள்ளைகள் அவற்றையும் போட்டுக்கொண்டு, கொரோனாவையும் சளியோடு கடந்துவிட்டார்கள். எனக்கு இது நல்ல அறிகுறியாகவே படுகிறது.

அந்த எச்சில் பரிசோதனையை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். இப்படிப்பட்ட பரிசோதனைகள் பெரும்பாலும் முதல் வகை வித்தியாசங்களைத்தான் பார்க்கும். டி.எல்.ஆர்.7இல் உள்ள அரிய பழுதைத் தவறவிட்டு "எதிர்ப்புச் சக்தி நன்று" என்று அறிக்கை வந்தால் அது பொய்யான நிம்மதி. மூன்றாவது குரோமோசோம் பகுதியைக் காட்டி "ஆபத்து" என்று வந்தால் அது தேவையில்லாத பயம். எதிர்ப்புச் சக்தியை ஒற்றை எண்ணாகச் சொல்லவும் முடியாது. 2015இல் 210 இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், நோய் எதிர்ப்பு மண்டலத்தில் அளந்தவற்றில் முக்கால் பங்கு, பரம்பரையைவிட வாழ்க்கையில் சந்தித்த கிருமிகளாலும் சூழலாலும்தான் அதிகம் தீர்மானிக்கப்பட்டது. ஒரே ஜீன்களோடு பிறந்த இரட்டையர்களே வயதாக ஆக வேறுபட்டுப் போகிறார்கள்.

மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டும். ஒருவேளை அவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி வந்திருந்தாலும், அது அவர் செய்த தவறு அல்ல. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பழுதுகள் இருக்கின்றன, பெரும்பாலும் அவை வெளியே தெரிவதே இல்லை. 2021இல் கொரோனா என்ற வைரஸ் வராமல் இருந்திருந்தால் அவருடைய மகன்கள் இருவரும் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவர் மனம் கொஞ்சம் ஆறும்.

வேலூர் சி.எம்.சி. போன்ற, மரபியல் மருத்துவத் துறை இருக்கும் மருத்துவமனைக்குக் கணவரை அழைத்துச் செல்லுங்கள். பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளைக் கண்டறிவதில் மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனமும் அனுபவம் உள்ளது. ரத்தத்தில் ஜீன் வரிசையைப் படிக்கும் முழுமையான பரிசோதனையைக் கேளுங்கள். இன்டர்ஃபெரானுக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டிபாடிகளைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். கடுமையான கொரோனா நிமோனியா வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேரிடம் அவை இருந்தன, முக்கியமாக ஆண்களிடமும் முதியவர்களிடமும். கணவரின் டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. ஸ்கேன், கிடைத்தால் கொழுந்தனாரின் மருத்துவமனைக் காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் செய்ய வேண்டியவையும் உண்டு. கணவருக்கு வருடாவருடம் ஃப்ளூ ஊசி போடுங்கள். கொரோனா ஊசியில் விட்டுப்போன டோஸ் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். அவருக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தால் கஷாயம் வைத்து நாலு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்க வேண்டாம். ஃப்ளூவாக இருந்தால் ஒசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் முதல் நாளே மருத்துவரைப் பார்த்து, 2021இல் தனக்கும் தம்பிக்கும் நடந்ததை அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.