பிரசங்கத்தின் இடத்தில் ஓர் அறிவியல் உரை

அன்புள்ள ஐயா,

அண்மையில் பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய) தேவாலய இசைக் கச்சேரி ஒன்றுக்குச் சென்றேன். ‘அன்பான இறைவா, நான் எப்போது இறப்பேன்?’ என்று தொடங்கும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் கான்டாட்டாவை (வாத்தியங்களோடு பாடும் பல பகுதிப் படைப்பு) பாடினார்கள். முடிந்ததும் உயிரியலாளர் ஒருவர் எழுந்து, செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்வது பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு அதே கான்டாட்டா மறுபடியும். கூட்டம் சேர்க்கத்தானே இந்த ஏற்பாடு? பக்தி இசைக்கு நடுவே ஆய்வுக்கூடம் எதற்கு?

கோமதி

அன்புள்ள கோமதி,

கூட்டம் சேர்க்கவும்தான். அதில் தவறென்ன?

அந்தக் கான்டாட்டா 1724 செப்டம்பர் 24 அன்று ஜெர்மனியின் லைப்சிக்கில் வழிபாட்டின் நடுவே முதன்முதலில் ஒலித்தது. அன்றைய நற்செய்தி வாசகம், நாயீன் ஊர் விதவையின் இறந்த மகன் இயேசுவால் உயிர்பெற்ற கதை. இசையைத் தொடர்ந்து பிரசங்கம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஹின் பாஸ்யோன்களும் இரண்டு பாகங்களாக இருப்பது நடுவில் பிரசங்கம் வருவதற்காகத்தான். பேச்சை நீக்கிவிட்டு இசையை மட்டும் தொடர்ந்து கேட்பது கச்சேரி மண்டபம் ஏற்படுத்திய பழக்கம். காலியான அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்பதே கேள்வி.

உங்கள் உயிரியலாளர் தலைப்பைச் சரியாகவே பிடித்திருக்கிறார். கருவில் நம் கை முதலில் துடுப்புப்போல இருக்கிறது. இடையிலுள்ள செல்கள் மடிவதால்தான் விரல்கள் பிரிகின்றன. ஆர்கன் வாசித்தவரின் விரல்களும் அப்படி வந்தவையே. இதைக் கேட்டபின், கான்டாட்டாவின் தொடக்கத்தில் புல்லாங்குழல் உச்சத்தில் ஒரே சுரத்தைச் சாவு மணிபோல் திரும்பத் திரும்பத் தட்டுவதைக் கேட்டால் மனம் வேறெங்கோ போகும். மறுமுறை பாடுவது அதற்காகத்தான். ஸ்விட்சர்லாந்தின் ட்ரோகன் ஊரில் 2006 முதல் ஒரு பாஹ் அறக்கட்டளை இதே முறையில் நடத்திவருகிறது: கான்டாட்டா, உரை, மீண்டும் கான்டாட்டா. பேசுவோர் விஞ்ஞானிகள் மட்டுமல்ல.

பிரசங்கி ஆறுதல் சொல்ல வந்தவர். விஞ்ஞானிக்கு அந்தக் கடமை இல்லை. அவர் பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தைச் சொல்லிக் குரல் தழுதழுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். நாள்காட்டிப் பொருத்தங்களும் எனக்குப் பிடிப்பதில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் மான்ட்டிவெர்டியின் வெஸ்பர்ஸ் என்ற மாலை வழிபாட்டு இசையும் கலிலியோ தொலைநோக்கியில் கண்டதை எழுதிய நூலும் 1610இல் வெனிஸில்தான் அச்சாயின. கேட்க அழகு; அதற்குமேல் அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. கலிலியோவின் தந்தை வின்சென்ஸோவைப் பற்றிச் சொல்லுங்கள், விடியவிடியக் கேட்பேன். லூட் என்ற தந்தி வாத்தியக் கலைஞரான அவர் தந்திகளில் எடை கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தார். சுரம் ஒரு ஸ்தாயி உயர எடை இருமடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்று கண்டார்.

ஒன்றில் உங்கள் கட்சி நான்: அரை மணி நேரம் அதிகம். பதினைந்து நிமிடம் போதும், திரையில் படம் காட்டாமல்.