மரணத்துக்குக் காரணம் கேட்பது பொறாமையா?

கேள்வி: 2022 உலகக் கோப்பைக் கால்பந்தை உலகமே வியக்கும்படி கத்தார் நடத்திக் காட்டியது. நீங்களோ சென்ற இதழில் மறுபடியும் தொழிலாளர் மரணங்களைக் கிளறியிருக்கிறீர்கள். ஓர் அரபு நாடு முன்னேறுவதைப் பொறுக்க முடியாத மேற்கத்திய நாடுகளின் பிரசாரம்தானே இது? போட்டிகளை ரசித்துப் பார்த்துவிட்டு இப்போது குறை சொல்வது நியாயமா? என் மைத்துனர் பத்து வருடமாக தோஹாவில்தான் வேலை பார்க்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார். – வாசகர் ஒருவர்

பதில்: ரசித்தேன், மறுக்கவில்லை. லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று நின்று, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என வென்ற ஆட்டத்தை எப்படி ரசிக்காமல் இருக்க முடியும்? ஆப்பிரிக்காவிலிருந்து அரையிறுதிக்கு வந்த முதல் அணியாக மொராக்கோ நின்றபோது எனக்கும் கண் கலங்கியது. போட்டி நன்றாக நடந்தது என்பதில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை.

மேற்கத்திய நாடுகளைப் பற்றி நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மெஸ்ஸியின் தோளில் கத்தார் அமீர், அரபு மக்கள் மரியாதைக்காக அணியும் பிஷ்த் அங்கியைப் போர்த்தியதைக்கூடச் சிலர் ஏளனம் செய்தார்கள். அதில் அடித்தது வெறுப்பின் வாடைதான். லுசைல் மைதானத்தை வடிவமைத்துச் சம்பாதித்ததும் லண்டன் நிறுவனம்தான். எல்லாம் சரி. ஆனால் இறந்தவர்கள் யார்? இந்தியர், நேபாளி, வங்கதேசத்தவர், இலங்கையர், பாகிஸ்தானியர். லண்டன்காரர் யோக்கியமா இல்லையா என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்தால், நம் வீட்டுப் பிள்ளை எப்படி இறந்தான் என்று யார் கேட்பது? அந்தக் கேள்வி முதலில் நம்முடையது. அவர்கள் நமக்கு முன்னால் கேட்டுவிட்டார்கள் என்பதற்காக நாம் அதைக் கைவிட வேண்டுமா?

எண்ணிக்கையைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடுவோம். 6,500 பேர் இறந்ததாக 'கார்டியன்' நாளிதழ் 2021 பிப்ரவரியில் எழுதியது. போட்டி கத்தாருக்குக் கொடுக்கப்பட்ட 2010-க்குப் பிறகு பத்தாண்டுகளில், இந்த ஐந்து நாட்டுத் தொழிலாளர்களிடையே எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களின் கூட்டுத்தொகை அது. 'மைதானம் கட்டும்போது 6,500 பேர் செத்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் தவறாக எழுதுகிறார்கள். போட்டி அமைப்புக் குழு சொன்ன கணக்கோ, மைதானப் பணிகளில் வேலையால் நேர்ந்த மரணம் 3, மற்றவை 37. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல்-தவாதி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், போட்டி தொடர்பான பணிகளில் 400 முதல் 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்றார். பிறகு குழு அதைத் திருத்தியது: நாடு முழுக்க, எல்லாத் தொழில்களிலும், 2014 முதல் 2020 வரை வேலையால் நேர்ந்த மரணங்களைத்தான் அவர் சொன்னாராம். மூன்று எங்கே, ஐந்நூறு எங்கே, ஆறாயிரத்து ஐந்நூறு எங்கே?

இத்தனை பெரிய இடைவெளிக்குக் காரணம் மரணச் சான்றிதழ். இளம் வயதில் இறந்தவர்களுக்கும் 'இயற்கையான காரணம்', 'இதயம் நின்றது', 'மூச்சு நின்றது' என்று எழுதி உடலை அனுப்பிவைத்தார்கள். சாகும் எல்லோருக்கும்தான் இதயம் நிற்கிறது. அது ஏன் நின்றது என்பதல்லவா காரணம்? விசாவுக்கு முன் மெடிக்கல் டெஸ்டில் தேறி விமானம் ஏறியவர்கள் இவர்கள். பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். எதிர்பாராத, திடீர் மரணங்களில் அதற்கு வழி செய்யச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று 2014-ல் பரிந்துரைத்தது கத்தார் அரசே அமர்த்திய சட்ட நிறுவனம். அந்தப் பரிந்துரை காகிதத்திலேயே கிடந்தது.

நேபாளத் தொழிலாளர்களின் இதய மரணங்களை வெப்பத்தோடு ஒப்பிட்டு 2019-ல் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. 571 மரணங்களில் 200 வரை தடுத்திருக்கலாம் என்றது அது. கோடையில் அங்கே ஆட முடியாது என்பதால்தானே போட்டியையே நவம்பருக்குத் தள்ளினார்கள்? தொண்ணூறு நிமிடம் ஓடவேண்டிய விளையாட்டு வீரருக்கு ஆகாத வெயில், நாள் முழுக்கக் கம்பி கட்டியவருக்கு மட்டும் எப்படி ஆகும்?

இன்னொன்றையும் சொல்கிறேன். 2017 ஜனவரியில் கலீஃபா மைதான வேலையில் ஒரு பிரிட்டன் தொழிலாளி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய நாட்டில் முறைப்படி மரண விசாரணை நடந்தது. அங்கிருந்த வேலை முறை குழப்பமானது, ஆபத்தானது என்று விசாரணை அதிகாரி வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் குடும்பத்துக்குப் பதில் கிடைத்தது. நம் குடும்பங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இது மேற்கின் பிரசாரம் என்றால், அவர்களுக்குக் கிடைத்ததை நாமும் கேட்போமே.

காரணம் தெரியாததால் நஷ்டம் மனதுக்கு மட்டும் அல்ல. வேலையால் நேர்ந்த மரணம் என்றால்தான் கத்தார் தொழிலாளர் சட்டப்படி இழப்பீடு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நம் அரசு வைத்திருக்கும் காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவிலும் 10 லட்சம் ரூபாய் விபத்து மரணத்துக்குத்தான். 'இயற்கை' என்ற ஒரு சொல் இரண்டு கதவையும் சாத்திவிடுகிறது. வேலை வாங்கித் தருவதற்கு ஏஜெண்டு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நிலத்தை அடகுவைத்துப் பல மடங்கு கட்டிப் போனவர்கள் எத்தனை பேர்! கடன் கட்டுகிறவர் இறந்துபோகிறார், வட்டி இறப்பதில்லை. இதில் தோஹாவை மட்டும் குற்றம் சொல்லி டெல்லியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

உங்கள் மைத்துனர் நன்றாக இருக்கிறார் என்பதில் உண்மையிலேயே சந்தோஷம். அவரிடமே கேட்டுப் பாருங்கள். முன்பு கம்பெனி மாற வேண்டுமானால் கஃபீலின், அதாவது விசா கொடுத்து அழைத்த முதலாளியின், தடையில்லாச் சான்று வேண்டும். 2020-ல் அது போனது. பெரும்பாலானவர்களுக்கு நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வாங்கும் முறையும் ஒழிந்தது. 2021 மார்ச்சிலிருந்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம். அதே ஆண்டு, ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10-லிருந்து மாலை 3.30 வரை வெளிவேலை கூடாது என்று தடையை நீட்டித்தார்கள். நடைமுறையில் ஓட்டைகள் உண்டு, என்றாலும் இவை நல்ல மாற்றங்கள். கத்தாரைப் பாராட்டவே வேண்டும். ஆனால் இவை தானாக வந்தவை அல்ல. தொழிற்சங்கங்களும் உரிமை அமைப்புகளும் பத்திரிகைகளும் ஆண்டுக்கணக்கில் நச்சரித்ததால் வந்தவை. நீங்கள் பிரசாரம் என்கிறீர்களே, உங்கள் மைத்துனர் அனுபவிக்கும் உரிமைகளில் சில அதனால் கிடைத்தவைதான்.

போட்டி நடந்த நாட்களில் அணி ஒன்றின் பயிற்சி முகாமில் ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளி இறந்தார். நிருபர் கேட்டதற்கு, மரணம் வாழ்க்கையின் இயல்பான பகுதி என்று பதில் சொன்னார் போட்டியின் தலைமை நிர்வாகி. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான், இன்னும் தணியவில்லை.

சென்ற இதழில் இதை ஏன் எழுதினேன் தெரியுமா? 2034 போட்டி சவூதி அரேபியாவுக்கு என்று 2024 டிசம்பர் 11 அன்று ஃபிஃபா முடிவு செய்துவிட்டது. போட்டியிட்டது அந்த ஒரே நாடு. 15 மைதானங்கள், பெரும்பாலானவை இனிமேல்தான் கட்ட வேண்டும். கட்டப்போகிறவர்கள் இதே ஐந்து நாட்டு இளைஞர்கள்தான். திடீரென்று இறக்கும் ஒவ்வொரு இந்தியத் தொழிலாளிக்கும், குடும்பம் சம்மதித்தால், பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கையின் நகலை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்று நம் அரசு ரியாத்தோடு இப்போதே எழுதி வாங்கட்டும். அஸ்திவாரம் தோண்டிய பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.