மின்னஞ்சல் கோப்புறையைக் கணினியில் சேமித்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஜிமெயிலில் ஒரே ஒரு லேபிளில் உள்ள அஞ்சல்களை மட்டும் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். உங்கள் தரவை இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் எல்லாத் தேர்வுகளையும் முதலில் நீக்கிவிட்டு ஜிமெயிலை மட்டும் குறியுங்கள். அதற்குக் கீழே, எல்லா அஞ்சல்களும் சேர்க்கப்பட்டுள்ளன என்று சொல்லும் பொத்தானை அழுத்தினால் லேபிள் பட்டியல் விரியும். வேண்டியதை மட்டும் அங்கே தேர்ந்தெடுக்கலாம். கோப்பு தயாரானதும் உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு வரும் பதிவிறக்க இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், இறக்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: அவ்வாறு கிடைத்த எம்பாக்ஸ் கோப்பை (பல அஞ்சல்களை ஒன்றாக வைத்திருக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்தால், தமிழில் வந்த கடிதங்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. ஆங்கில எழுத்துக்களையும் சில குறிகளையும் மட்டுமே கடத்தும் வகையில் மின்னஞ்சல் முதலில் வடிவமைக்கப்பட்டதால், தமிழ் எழுத்துக்களும் இணைப்புக் கோப்புகளும் பெரும்பாலும் பேஸ்64 போன்ற குறியீட்டு முறைக்கு மாற்றப்பட்டே அனுப்பப்படுகின்றன. எம்பாக்ஸ் கோப்பு அந்த மூல வடிவத்தை அப்படியே வைத்திருக்கிறது. இணைப்புகளின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுவதற்கும், நோட்பேடில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாததற்கும் இதுவே காரணம். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற நீட்சியைச் சேர்த்து, உள்ளூர்க் கோப்புறைகளின் கீழ் இக்கோப்பை இறக்குமதி செய்தால் தமிழ் சரியாகத் தெரியும். யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதப்பட்ட பழைய கடிதங்கள் மட்டும் அப்போதும் புரியாமல் நிற்கலாம். அவற்றுக்கு எழுத்துரு மாற்றி தேவைப்படும்.

கேள்வி: தண்டர்பேர்டு பயன்படுத்துகிறேன். நீட்சி இல்லாமல், கோப்புறைக்குரிய கோப்பை நேரடியாகவே நகலெடுக்கலாமா?

பதில்: தாராளமாக. தண்டர்பேர்டு உங்கள் அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் சுயவிவரக் கோப்புறைக்குள், உங்கள் கோப்புறையின் பெயரில், பின்னொட்டு இல்லாமல் இருப்பதே அஞ்சல்கள் அடங்கிய எம்பாக்ஸ் கோப்பு. அதன் அருகில் எம்எஸ்எஃப் என்று முடிவது வெறும் அட்டவணைதான், இல்லாவிட்டாலும் மீண்டும் உருவாகிவிடும். நகலெடுக்கும் முன் கோப்புறையைச் சுருக்கும் (கம்பாக்ட்) கட்டளையைக் கொடுத்துவிட்டு, தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். நீங்கள் அழித்த அஞ்சல்கள் சுருக்கும் வரை அந்தக் கோப்பிலேயே கிடக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறரிடம் கொடுக்கப்போகும் நகல் என்றால் இது சிறிய விஷயமன்று. அஞ்சல்களைச் சேவையகத்திலேயே வைத்திருக்கும் ஐமேப் வகைக் கணக்காக இருந்தால், அஞ்சல்கள் முழுமையாகக் கணினிக்கு ஒத்திசைக்கப்பட்டனவா என்றும் பாருங்கள். இல்லையேல் தலைப்புகள் மட்டுமே உங்களிடம் இருக்கும்.

கேள்வி: அவுட்லுக்கில் பிஎஸ்டி, சிஎஸ்வி என இரண்டு தேர்வுகள் வருகின்றன. கணக்குத் தணிக்கையாளருக்கு எதைக் கொடுப்பது?

பதில்: அவுட்லுக்கின் சொந்தக் கோப்பு வடிவமான பிஎஸ்டி. வெறும் எழுத்து அட்டவணையான சிஎஸ்வியில் இணைப்புக் கோப்புகள் வாரா. பில்களும் ரசீதுகளும் இணைப்பாகத்தானே வந்திருக்கும்? பிஎஸ்டிக்கு இடும் கடவுச்சொல் பலவீனமானது. அதை நம்பாமல், கோப்பைக் குறியாக்கம் செய்யப்பட்ட பென்டிரைவில் வைத்துக் கொடுப்பது நல்லது.

கேள்வி: பென்டிரைவில் இடம் இருந்தும் ஆறு ஜிபி கோப்பு ஏற மறுக்கிறது.

பதில்: அந்தப் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருக்கும், அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

கேள்வி: ஏற்றுமதி முடிந்துவிட்டது. இடம் போதவில்லை என்பதால், ஜிமெயிலில் உள்ளவற்றை இப்போதே அழிக்கலாமா?

பதில்: இன்றே வேண்டாம். கோப்பை வேறொரு கணினியில் திறந்து, அஞ்சல்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, மிகப் பழைய ஒன்றையும் பெரிய இணைப்புள்ள ஒன்றையும் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் ஓர் அஞ்சல் பல லேபிள்களில் இருக்கக்கூடும். அதை அழித்தால் எல்லா இடங்களிலிருந்தும் போய்விடும். தவறு நேர்ந்தாலும் குப்பைப் பெட்டியில் 30 நாட்கள் இருக்கும், ஆனால் அதுவரை அது பிடிக்கும் இடம் குறையாது.