பினாயில் ஊற்றியும் அதே இடத்தில் நாய் அசிங்கம் செய்வது (சத்துவாச்சாரி, வேலூர்)

பினாயிலை நிறுத்துங்கள். தினமும் ஊற்றியும் பக்கத்து வீட்டு நாய் நீங்கள் கோலம் போடும் இடத்துக்கே வருகிறது என்றால், பழைய மூத்திர வாடை போகவில்லை. நம் மூக்குக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். மார்பிள் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேலோ வினிகரோடோ சேர்க்கவே கூடாது. கிளம்பும் வாயு ஆபத்து.

அது அவர்கள் நாய்தானா? இரவில் வாசலில் கோலமாவைத் தூவிவிட்டு, காலையில் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். தெருநாய் என்றால் அவர்களோடு சண்டை வீண், மாநகராட்சியில் சொல்லுங்கள். அவர்களுடையதுதான் என்றால் தடத்தைக் காட்டியே பேசலாம்.

கோபத்தில் யாராவது விஷம் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது குற்றம், பாவம் அந்த நாய் என்ன செய்யும்.